சங்ககிரி லாரிக்கணக்குல ஒரு பட்ஜெட் ஏர்லைன்

ரெண்டு வருசம் முன்னாடி போகிப்பண்டிகை அன்னிக்கு எங்க சித்தப்பாவை முதல் தடவையா ப்ளேன்ல கூட்டிட்டுப் போனேன், கோயமுத்தூர்ல இருந்து சென்னைக்கு, அவரு பொண்ணு வீட்டுக்கு. மனுசன் சங்ககிரில முப்பது வருசம் லாரி ஓட்டிட்டு அப்புறம் சொந்தமா மூணு வண்டி வச்சிருந்தவர். ஜன்னல் சீட்டு வாங்கிக் குடுத்தா வெளிய மேகத்தைப் பாக்கல, திரும்பித் திரும்பி உள்ள தலையை எண்ணிட்டே வந்தாரு. எண்ணி முடிச்சுட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு: "ஏஞ்சாமி, பாதி சீட்டு காலியாக் கெடக்குது, இவனுக்கு ரிட்டர்ன் லோடு கிடைச்சிருமா?"

நான் சிரிச்சேன். அப்புறம் போன்ல பாத்தா, எங்களுக்கு ஆளுக்கு மூவாயிரத்து சொச்சம் ஆன அதே நாள்ல சென்னைல இருந்து கோயமுத்தூர் வர்ற டிக்கெட் பதினோராயிரத்தைத் தாண்டி இருந்துச்சு, அதுவும் ரெண்டே சீட்டுதான் பாக்கி. பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வர்ற நேரத்துல நாங்க எதிர்த்திசைல போறோம். வண்டி காலியா சென்னைக்குப் போயே ஆகணும், அப்பத்தான் அங்க இருந்து நிறைச்சுட்டு வர முடியும். போறப்ப ஆகுற டீசல் காசையும் வர்ற லோடு வாடகைல தான் எடுக்கணும். சித்தப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. நாம எல்லாம் "கொள்ளை அடிக்கறானுங்க"ன்னு திட்டறதோட நிறுத்திக்கறோம்.

அதனால இந்த பட்ஜெட் ஏர்லைன் சமாச்சாரத்தை லாரிக்கணக்குலயே சொல்லிப் பாக்கறேன், நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அதுதான் சட்டுனு புரியும்.

முதல்ல, பட்ஜெட் ஏர்லைன்னா நமக்கு டிக்கெட் சீப்புன்னு அர்த்தம் இல்லீங்க, கம்பெனிக்கு ஒரு சீட்டை ஒரு கிலோமீட்டர் கொண்டு போற செலவு கம்மின்னு அர்த்தம். அந்த செலவைக் குறைக்கறதுக்கு எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒரே வழியைத்தான் பிடிக்குது, அதுல முக்கியமானது வண்டி தரைல நிக்கக்கூடாது. பீளமேடு ஏர்போர்ட்ல கண்ணாடிப் பக்கத்துல உக்காந்து ஒரு தடவை நிதானமா கவனிச்சுப் பாருங்க. ப்ளேன் வந்து நின்ன உடனே முன்வாசல் பின்வாசல் ரெண்டுலயும் படி போடறாங்க, ஆளுங்க எறங்கிட்டு இருக்கறப்பவே ஒரு பக்கம் பெல்ட் வண்டி வந்து பெட்டியை உருவுது, இன்னொரு பக்கம் றெக்கைக்கு அடில குழாயை மாட்டி எரிபொருள் ஏத்தறாங்க, கடைசி ஆள் எறங்கறதுக்குள்ள ஏர்ஹோஸ்டஸ் பிள்ளைங்களே கையில கவரை வச்சுக்கிட்டு குப்பை பொறுக்க ஆரம்பிச்சிருதுங்க. அரை மணி நேரம், அதுக்குள்ள மறுபடி கிளம்பணும். சோறு இலவசமாப் போடாததுக்குக் கூட இது ஒரு காரணம்னு சொல்லலாம், போட்டா அதை ஏத்தி எறக்கி கழுவிக் கூட்டறதுக்கே நேரம் போயிரும். இப்படி ஓட்டினாத்தான் ஒரு ப்ளேன் ஒரு நாளைக்கு பன்னண்டு பதிமூணு மணி நேரம் வானத்துல இருக்கும். சோமனூர்ல தறி வச்சிருக்கறவங்களுக்கு இதை விளக்கவே தேவையில்ல, கடன்ல வாங்குன தறி நின்னாலும் வட்டி நிக்காது.

இதுல ஒரு வம்பும் இருக்கு. காலைல முதல் ட்ரிப்பு நாப்பது நிமிசம் லேட்டாச்சுன்னா அதே ப்ளேன் தான் அப்புறம் ஹைதராபாத், பெங்களூர், சென்னைன்னு சுத்திட்டு ராத்திரி நம்ம ஊருக்கு வரணும், நடுவுல எங்கயும் மூச்சு விட இடம் கிடையாது, அந்த நாப்பது நிமிசம் ராத்திரிக்கு ரெண்டு மணி நேரமாப் பெருத்துப் போயிருக்கும். முக்கியமான சோலின்னா விடியக்காலை ஃப்ளைட்டைப் போடுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுக்குத்தான், தூக்கம் போகுதுன்னு பாத்தா நேரம் போயிரும்.

அடுத்தது ஒரே மாடல் வண்டி. இண்டிகோ 2006 ஆகஸ்ட்ல ஓட்ட ஆரம்பிச்சப்ப முழுக்க ஏர்பஸ் ஏ320 தான், பத்து வருசத்துக்கு மேல அந்தக் குடும்பத்தைத் தாண்டவே இல்ல. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005ல கேரளாவுல இருந்து வளைகுடாவுக்கு ஆரம்பிச்சு போயிங் 737-800ஐயே கட்டிட்டு அழுதுச்சு. ஒரே மாடல்னா எந்த பைலட்டும் எந்த வண்டியையும் எடுக்கலாம், ஸ்பேர் பார்ட்ஸ் ஒரே வகை, மெக்கானிக் ட்ரெயினிங்கும் ஒண்ணே. எங்க சித்தப்பா மூணு வண்டியும் லேலண்டாவே வச்சிருந்தாரு, கேட்டா "டாடா ஒண்ணு வாங்கினா அதுக்கு தனியா ஒரு மேஸ்திரியைத் தேடணும்"பாரு.

ஆனா லாரிக்காரரே வாயைப் பொளந்த சமாச்சாரம் ஒண்ணு உண்டு. இந்தக் கம்பெனிங்க ஓட்டற ப்ளேன்ல பெரும்பாலானது அவங்களோடது இல்லைன்னேன். இண்டிகோ பறக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, 2005ல, நூறு ஏ320க்கு ஆர்டர் குடுத்துச்சு. கையில ஒரு ப்ளேன் இல்லாத கம்பெனி நூறு கேக்குது. மொத்தமா கேட்டா விலையை நல்லா தட்டிக் குறைப்பாங்கல்ல, அந்தக் குறைஞ்ச விலைக்கு வாங்கி, டெலிவரி ஆகற அன்னிக்கே ஒரு லீசிங் கம்பெனிக்கு அதைவிட அதிகத்துக்கு வித்துட்டு, அதே வண்டியை மாச வாடகைக்கு எடுத்து ஓட்டறது. ஒரு அஞ்சாறு வருசம் ஆகி, பெரிய மெயின்டனன்ஸ் செலவு வர்ற நேரத்துல திருப்பிக் குடுத்துட்டு புதுசு எடுத்துக்கறது. எஃப்.சி.யும் (வண்டித் தகுதிச் சான்று) டயர் செலவும் ஒண்ணா வர்றதுக்கு முன்னாடி வண்டியைத் தள்ளிவிடற அதே புத்திதான். புது வண்டி எரிபொருளும் கம்மியா குடிக்கும். 2023 ஜூன்ல ஒரே தடவையா 500 ப்ளேனுக்கு ஆர்டர் போட்டாங்க, உலகத்துல அதுவரைக்கும் யாரும் ஒரே ஆர்டர்ல அவ்வளவு கேட்டதில்லை.

வாடகை டாலர்ல. ஸ்பேர் பார்ட்ஸ் டாலர்ல. டிக்கெட் மட்டும் ரூபாய்ல. ரூபாய் எறங்கினா ஒண்ணுமே பண்ணாம நஷ்டம்.

இன்ஜின் விசயத்துல மாட்டினாங்க பாருங்க, அதுதான் ஒரே மாடல் வச்சிருக்கறதோட மறுபக்கம். கோ ஃபர்ஸ்ட், பழைய கோஏர், 2023 மே மாசம் திவால் மனு போட்டப்ப சொன்ன காரணமே பிராட் அண்ட் விட்னி இன்ஜின் வரலைங்கறதுதான், பாதிக்கு பாதி ப்ளேன் தரைல நின்னுச்சு. அதே வருசம் அந்த இன்ஜினோட உலோகப் பொடில குறைன்னு தெரிஞ்சு இண்டிகோவும் எழுபதுக்கு மேல ப்ளேனை நிறுத்த வேண்டியதாச்சு. ஒருத்தன் செத்தான், ஒருத்தன் தாங்கினான்.

செத்தவங்க பட்டியல் நீளம். 2003ல கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானை ஆரம்பிச்சாரு, ஒரு ரூபா டிக்கெட்டுன்னு ஊரே பேசுச்சு, கடைசில கிங்ஃபிஷர் கைக்குப் போயி 2012ல அதோட சேந்து மண்ணாப் போச்சு. ஸ்பைஸ்ஜெட்டை 2010ல நம்ம கலாநிதி மாறன் வாங்கினாரு, 2014 டிசம்பர்ல எண்ணெய்க் கம்பெனிங்க கடனுக்கு எரிபொருள் ஊத்த மாட்டேன்னு சொல்லி ப்ளேன் எல்லாம் நின்னே போச்சு, அடுத்த மாசமே அஜய் சிங் கைக்குத் திரும்பிருச்சு. கோயமுத்தூருக்குன்னே ஒரு ஏர்லைன் இருந்துச்சு, ஏர் கார்னிவல், எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கோ. 2016 ஜூலைல ஏ.டி.ஆர்ங்கற சின்ன ப்ளேனை வச்சு ஓட்ட ஆரம்பிச்சாங்க, அடுத்த வருசமே மூடிட்டாங்க. ஊர்ல எல்லாத்துக்கும் பெருமைதான், ஆனா ஒத்தை வண்டி வச்சு ட்ரான்ஸ்போர்ட் கம்பெனி நடத்த முடியாது, அது பஞ்சர் ஆனா அன்னிக்கு கடையே லீவு.

ஏ.டி.ஆர்னதும் ஒரு சின்னக் கணக்கு. அந்த றெக்கைல விசிறி மாதிரி சுத்துமே, சின்ன ப்ளேன், அதுல சீட்டு எத்தனைன்னு பாத்திருக்கீங்களா, இண்டிகோ ஏ.டி.ஆர்ல 78. ஏன் 78, ஒரு 82 போடலாமே? ஏர்போர்ட் அத்தாரிட்டி ஏர்போர்ட்ல 80 சீட்டுக்குக் கம்மியா இருக்கற உள்நாட்டு விமானத்துக்கு லேண்டிங் சார்ஜ் கிடையாது. அதோட அம்பது சீட்டுக்கு ஒரு ஏர்ஹோஸ்டஸ் இருந்தாகணும்னு விதி, 78க்கு ரெண்டு பேர் போதும். பெரிய ஏ320ல 186 சீட்டு, நாலு பேர். 40 டன்னுக்குக் கீழ எடை இருக்கற ப்ளேனுக்கு ஊத்தற எரிபொருளுக்கு வரியும் சலுகை வரிதான். வண்டிக்கு எத்தனை சக்கரம் வச்சா எவ்வளவு டேக்ஸுன்னு பாத்து பாத்து பாடி கட்டற நாமக்கல் மூளைக்கு இது எல்லாம் புதுசே இல்ல.

வரியைப் பத்திப் பேசினா தமிழ்நாட்டுக்காரன் கொஞ்சம் பெருமூச்சு விடணும். விமான எரிபொருள் ஜி.எஸ்.டி.ல இல்ல, அந்தந்த மாநிலம் வாட் போட்டுக்கலாம், நம்ம மாநிலத்துல ரொம்ப நாளா பெரிய ப்ளேனுக்கு 29 சதவீதம், நாட்டுலயே மேல இருக்கற ரேட்டுல ஒண்ணு. ஒரு ஏர்லைன் செலவுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு எரிபொருள்தான். அதனால பக்கத்து ஊர்ல எங்க வரி கம்மியோ அங்கயே டேங்கை நிறைச்சுட்டு வந்து இங்க கம்மியா ஊத்திக்கறதும் நடக்கும், மாநில எல்லைல டீசல் அடிக்கற லாரி மாதிரியே தான், என்ன, தேவைக்கு மேல கனத்தைத் தூக்கிட்டுப் பறந்தா அந்தக் கனத்துக்கே தனியா எரியும், அதையும் கழிச்சுட்டுப் பாக்கணும்.

சரி, டிக்கெட் விலைக்கு வருவோம். 186 சீட்டுக்கும் ஒரே விலை வச்சு ஏத்தி எறக்கறது இல்ல. பத்து பதினஞ்சு தட்டா பிரிச்சு வச்சிருப்பாங்க, கீழ்த்தட்டுல கொஞ்சம் சீட்டு, அது வித்தா அடுத்த தட்டு தொறக்கும். விக்கலைன்னா கம்ப்யூட்டரே கீழ எறக்கி விடும். இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: குடும்பமா நாலு பேருக்கு தேடறீங்க, கீழ்த்தட்டுல ரெண்டே சீட்டு பாக்கின்னு வைங்க, பொதுவா நாலு சீட்டும் எந்தத் தட்டுல இருக்கோ அந்த விலையைத்தான் நாலு பேருக்கும் காட்டும். ரெண்டு ரெண்டாத் தேடிப் பாருங்க, ரெண்டு பேருக்காவது மிச்சம் ஆகும். திருப்பூர்ல எங்க ஆபீஸ்ல டெல்லிக்குக் கண்காட்சி பாக்கப் போறப்ப நான் இப்படித்தான் போடறது, அக்கவுண்ட்ஸ்ல இருக்கற அக்கா என் மேல பாசமா இருக்கறதுக்கு அதுதான் காரணம்.

அப்புறம் பெட்டி. உள்நாட்டுல பொதுவா 15 கிலோ உள்ள போடலாம், கையில 7 கிலோ. சாம்பிள் பீஸ் எடுத்துட்டுப் போற எங்களுக்கு இந்த 15ங்கறது நித்தம் ஒரு போராட்டம். கவுண்டர்ல தராசு 16.4 காட்டும், பொண்ணு நிமிந்து பாக்கும், நாம பெட்டியை அங்கயே தரைல விரிச்சு ரெண்டு டீசர்ட்டை எடுத்து மேல மேல மாட்டிக்கிட்டு, கேட்டலாக் புத்தகத்தைக் கக்கத்துல செருகி, மறுபடி வைப்போம், 15.2, "சரிங் சார்"னு டேக் போட்டு விடும். எக்ஸ்ட்ரா கிலோவுக்கு அவங்க கேக்கற காசு சில நாள் டீசர்ட்டோட விலையை விட ஜாஸ்தி. சீட்டு செலக்சன், சாப்பாடு, முதல்ல ஏறறது, எல்லாத்துக்கும் தனித்தனியா காசு. லோடுமேன் கூலி, மாமூல், தார்ப்பாய்னு தனித்தனியா எழுதற மாதிரி. டிக்கெட்ல லாபம் நிக்காத நாள்ல இதுலதான் நிக்குது.

கேன்சல் பண்ற விசயத்துல நானே ஏமாந்திருக்கேன். ஒரு கம்பெனில, பேர் வேண்டாம், நாலாயிரத்துச் சொச்சம் போட்டு வாங்குன டிக்கெட்டை காய்ச்சல்ல கேன்சல் பண்ணினேன், 'ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்'னு போட்டிருந்துச்சு, சரி போச்சுன்னு விட்டுட்டேன். ஒரு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, கேன்சல் சார்ஜ் அடிப்படை விலையும் ஃப்யூயல் சார்ஜும் சேந்த தொகையைத் தாண்டக் கூடாதுன்னு விமானக் கம்பெனிங்களைக் கண்காணிக்கற அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வோட விதி. அப்படின்னா ஏர்போர்ட்டுக்குன்னு பிடிச்ச யூ.டி.எஃப், செக்யூரிட்டிக்குன்னு பிடிச்ச காசு எல்லாம், நாம பறக்கலைன்னா, நமக்குத் திரும்பி வரணும், டிக்கெட் எந்த வகையா இருந்தாலும். ரெண்டு மூணு நூறோ ஆயிரமோ, நம்ம காசு. கேக்கற ஆளுக்குத்தான் குடுக்கறாங்க.

2025 டிசம்பர்ல நடந்ததையும் இதே கண்ணோட பாக்கலாம். பைலட்டுக்கு வாரத்துல 36 மணி நேரமா இருந்த ஓய்வை 48 ஆக்கி, ராத்திரி லேண்டிங்கைக் குறைச்சு புது விதி வந்துச்சு. வருசக்கணக்கா முன்னாடியே தெரிஞ்ச விதிதான். ஆனா ஆள் கணக்கை இறுக்கிப் பிடிச்சு ஓட்டுன இண்டிகோவால சமாளிக்க முடியல, ஒரே நாள்ல ஆயிரம் ஃப்ளைட்டுக்கு மேல ரத்து. நாட்டுல உள்நாட்டுல பறக்கற நூறு பேர்ல அறுபது பேருக்கு மேல அந்த ஒரே கம்பெனில பறக்கறப்ப அவங்களுக்குத் தடுமன் பிடிச்சா எல்லாருக்கும் தும்மல். மத்த கம்பெனி டிக்கெட் எகிறி, கவர்மெண்ட்டே 500 கிலோமீட்டருக்குள்ளன்னா 7,500 ரூபாதான்னு வரம்பு போட வேண்டியதாச்சு. மாத்து டிரைவர் இல்லாம வண்டி அனுப்பறதுன்னு சித்தப்பா ஒரே வரில முடிச்சாரு.

சேலத்துக்காரங்க என் மேல கோவிச்சுக்காதீங்க, ஓமலூர் பக்கம் காமலாபுரம் ஏர்போர்ட் கதை ஒரு தனிக்கதை. 1993ல தொறந்தது, வருசக்கணக்கா ஃப்ளைட்டே இல்லாம கெடந்துச்சு, நடுவுல கிங்ஃபிஷர் கொஞ்ச நாள் வந்துட்டுப் போச்சு. அப்புறம் சின்ன ஊருக்கும் ஃப்ளைட் விடறதுக்கு மத்திய அரசு கொண்டு வந்த உடான் திட்டம். அதுல ஒரு மணி நேரப் பயணத்துக்கு பாதி சீட்டை 2,500 ரூபாய்க்கு விக்கணும், குறையற காசை மூணு வருசத்துக்கு அரசாங்கம் ஈடு கட்டும். 2018 மார்ச்சுல ட்ரூஜெட் சென்னைக்கு ஓட்டுச்சு, ஜனங்க நல்லாவே ஏறினாங்க. கொரோனா, கம்பெனிக்குப் பணமுடை, மூணு வருசக் கெடு எல்லாம் ஒண்ணா வர, 2021ல நின்னுச்சு. 2023 அக்டோபர்ல இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் மறுபடி வந்தாங்க. பிரச்சனை ஜனம் ஏறாதது இல்லீங்க. பெங்களூர் கார்ல நாலு மணி நேரம், சென்னைக்கு 2023 ஏப்ரல்ல இருந்து வந்தே பாரத் சேலம் வழியாப் போகுது, ஃப்ளைட்டைப் பிடிக்க ஒன்றரை மணி நேரம் முன்னாடி போயி உக்காரணும். குறுக்கால போட்டி அவ்வளவு இருக்கறப்ப மானியம் நின்ன உடனே டிக்கெட்டை ஏத்த முடியாது, ஏத்தலைன்னா ஓட்ட முடியாது.

இப்ப எல்லாரும் கேக்கற கேள்வி, இத்தனை மில்லும் பனியன் கம்பெனியும் பம்புசெட் ஃபேக்டரியும் இருக்கற கோயமுத்தூர்ல இருந்து ஏன் வெளிநாட்டுக்கு விரல் விட்டு எண்ணற ஃப்ளைட்டுதான்? 2012லயே இன்டர்நேஷனல் ஏர்போர்ட்டுன்னு பேர் குடுத்தாச்சு. சிங்கப்பூருக்கு முன்னாடி சில்க்ஏர், இப்ப ஸ்கூட். ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா, அதோட வயித்துல தான் நம்ம காய்கறியும் சத்தியமங்கலம் மல்லிகைப்பூவும் போகுது. 2024 ஆகஸ்ட்ல அபுதாபிக்கு இண்டிகோ வந்துச்சு. ரன்வே நீளம் மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, நீட்டறதுக்கு 600 ஏக்கருக்கு மேல நிலம் எடுக்கற வேலை பத்து வருசத்துக்கு மேல இழுத்துச்சு. எல்லாரும் ரன்வேயைத்தான் சொல்றாங்க. ஆனா பட்ஜெட் ஏர்லைன் ஓட்டற சின்ன ப்ளேனுக்கு இந்த ரன்வே தாராளம். நிஜமான முட்டுக்கட்டை பர்மிட்.

லாரிக்கு நேஷனல் பர்மிட் மாதிரி, ஒரு நாட்டுக் கம்பெனி நம்ம நாட்டுல எந்தெந்த ஊர்ல எறங்கலாம்னு ரெண்டு அரசாங்கமும் உக்காந்து எழுதிக்குது. தென்கிழக்கு ஆசிய நாடுகளோட கம்பெனிங்களுக்கு, பெரிய நகரங்களைத் தவிர, 18 ஊருக்கு எத்தனை ஃப்ளைட் வேணும்னாலும் விட்டுக்கலாம்னு இந்தியா தொறந்து விட்டுச்சு. அந்தப் பட்டியல்ல கயா இருக்கு, கஜுராஹோ இருக்கு, கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு மூணும் இருக்கு, தமிழ்நாட்டுக்கு திருச்சி இருக்கு. கோயமுத்தூர் இல்ல. துபாய்க் கம்பெனிங்களுக்கும் அதே கதை, அவங்க எறங்கலாம்ங்கற ஊர்ப் பட்டியல்ல நம்ம ஊரைச் சேக்கச் சொல்லி வருசக்கணக்கா இங்க இருக்கற தொழில் அமைப்புங்க கேட்டுட்டு இருக்கு. நம்ம நாட்டுக் கம்பெனி போலாமேன்னு கேக்கலாம். முன்னாடி அதுக்கும் 5/20ன்னு ஒரு விதி, அஞ்சு வருசம் உள்ளூர்ல ஓட்டி 20 ப்ளேன் வச்சிருந்தாத்தான் வெளிநாடு. 2016ல அஞ்சு வருசத்தை எடுத்துட்டாங்க, 20 ப்ளேன் இன்னும் இருக்கு. அத்தனை வச்சிருக்கற கம்பெனியை விரல் விட்டு எண்ணிரலாம், அவங்க எந்த ஊருக்கு விட்டா ரெண்டு பக்கமும் லோடு கிடைக்கும்னு பாத்துத்தான் விடுவாங்க, நம்மளுக்குப் பெருமைக்காக விட மாட்டாங்க.

போன மாசம் எங்க அத்தை பையன் கோலாலம்பூர் கெளம்பினான். பல்லடத்துல வீடு, ஏர்போர்ட் அரை மணி நேரத் தூரம். ராத்திரி சாப்புட்டு முடிச்சு, திருச்சி பஸ் ஏறினான், மடில பெட்டி, கரூர் வழியா.